கிரில்: ஒரு சதவீதம் பிடித்தால் என்ன ஆகிவிடும்?

2025 ஆகஸ்ட் தொடக்கத்தில், அண்டார்டிக்காவைச் சுற்றியுள்ள தென்கடலில் கிரில் பிடிக்கும் பருவம் நாலு மாதம் முன்னதாகவே மூடப்பட்டது. டிசம்பர் 1இல் தொடங்கி அடுத்த நவம்பர் 30 வரை ஓட வேண்டிய பருவம் அது. தென்மேற்கு அட்லாண்டிக் பகுதிக்கு விதிக்கப்பட்டிருந்த 6,20,000 டன் வரம்பைக் கப்பல்கள் எட்டிவிட்டன. இந்த வரம்பு நடைமுறைக்கு வந்தபின் இப்படி நடந்தது இதுவே முதல் முறை.

செய்தியைப் படித்த பலருக்கும் ஒரு குழப்பம். இதே பகுதியில் 2019இல் பல நாடுகளின் கப்பல்கள் சேர்ந்து அளந்தபோது, கடலில் சுமார் 6.26 கோடி டன் கிரில் இருப்பதாகக் கணக்கு வந்தது. அதில் 6.2 லட்சம் டன் என்றால் ஒரு சதவீதம்தான். மற்ற மீன்களில் இவ்வளவு குறைவாகப் பிடித்தால் கட்டுப்பாடான மீன்பிடி என்று பாராட்டுவோம். கிரிலுக்கு மட்டும் ஏன் இத்தனை பதற்றம்?

இரண்டு எண்களும் சரியானவைதான். ஆனால் கிரில் விஷயத்தில் எவ்வளவு பிடித்தார்கள் என்பதைவிட எங்கே பிடித்தார்கள், எந்த மாதத்தில் பிடித்தார்கள் என்பதுதான் பெரிய கேள்வி. ஏன் என்று புரிய, அந்த உயிரின் உடலிலிருந்தே தொடங்க வேண்டும்.

கிரில் எது, எது கிரில் இல்லை

கிரில் என்பது நார்வே மொழிச் சொல். அங்கே அதற்குப் பொடி மீன், மீன்குஞ்சு என்று பொருள். உயிரியலில் அது யூபாசியாசியா என்ற வரிசையைச் சேர்ந்த ஓட்டுடலிகளைக் குறிக்கிறது. உலகக் கடல்களில் இவற்றில் 86 இனங்கள் இருக்கின்றன. முதல் பார்வைக்கு இறால் மாதிரியே இருக்கும். கையில் எடுத்துப் பார்த்தால் மூன்று இடங்களில் வேறுபாடு தெரியும்.

1. இறாலின் செவுள்கள் தலைப்பக்க மேலோட்டுக்குள் மூடியிருக்கும். கிரிலின் செவுள்கள் மேலோட்டுக்குக் கீழே, இறகுக் கொத்துகள் போல வெளியே தொங்கும்.

2. இறாலின் முன்கால்களில் மூன்று இணை வாய்க்கு உதவும் உறுப்புகளாக மாறிவிட்டன. கிரிலுக்கு அப்படி எந்தக் காலும் மாறவில்லை.

3. பெரும்பாலான கிரில் இனங்களுக்குக் கண்காம்பிலும் கால்களின் அடியிலும் வயிற்றிலும் ஒளியுறுப்புகள் உண்டு. நீலப்பச்சை வெளிச்சம் விட்டுவிட்டு எரியும்.

இங்கே ஒரு தவறான வழக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். தமிழ்நாட்டில் சென்னாக்குனி என்றும் இலங்கையில் கூனி இறால் என்றும் காயவைத்து விற்கும் பொடி இறாலைச் சிலர் கிரில் என்று எழுதுகிறார்கள். அது கிரில் இல்லை. அது அசிட்டஸ் என்ற வகை, செர்ஜஸ்டிட் குடும்பத்தைச் சேர்ந்த உண்மையான இறால் உறவினர். இந்த வேறுபாடு பெயரோடு நின்றுவிடுவதில்லை. நீலத் திமிங்கலம் என்றாலே கிரில் தின்னும் என்று பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. இலங்கையின் தெற்குக் கரையை ஒட்டிய கடலில் கடல் உயிரியலாளர் ஆஷா டி வோஸும் அவரோடு பணியாற்றியவர்களும் நீலத் திமிங்கலங்களின் கழிவைச் சேகரித்து, அதிலுள்ள மரபணுத் தடயங்களைப் பார்த்தார்கள். அந்தத் திமிங்கலங்களின் முக்கிய இரை செர்ஜஸ்டிட் இறால் என்று 2018இல் வெளியான அவர்களின் ஆய்வு காட்டியது. அதாவது கூனியின் குடும்பம். வடக்கு இந்தியப் பெருங்கடலில் கிரில் இனங்கள் இல்லாமல் இல்லை. ஆனால் அவை ஒன்றிரண்டு சென்டிமீட்டர் அளவுள்ள வெப்பக்கடல் இனங்கள். தென்கடலில் போல மலைமலையாகக் குவிவதில்லை.

ஒரு கிரிலை அருகில் பார்த்தால்

இனி இந்தக் கட்டுரையில் கிரில் என்றால் பெரும்பாலும் அண்டார்டிக் கிரிலைத்தான் குறிக்கும். யூபாசியா சுபெர்பா என்பது அதன் அறிவியல் பெயர். முழுதாக வளர்ந்தது 6 சென்டிமீட்டர் நீளம் இருக்கும், ஆள்காட்டி விரலைவிடக் கொஞ்சம் சின்னது. எடை 2 கிராமுக்குள். உடல் கண்ணாடி போல இருக்கும். அதன்மேல் செம்புள்ளிகள் தெளித்திருக்கும். கண்கள் இரண்டும் மிளகு மாதிரி கறுப்பாக, பெரிதாகத் தெரியும். சாப்பிட்டு முடித்த கிரிலின் உள்ளே பச்சை நிறத் திட்டு ஒன்று வெளியிலிருந்தே தெரியும். அது அதன் இரைப்பையும் செரிமானச் சுரப்பியும். தின்ற பாசியின், அதாவது கடல்நீரில் மிதக்கும் நுண்தாவரங்களின், பச்சை அது.

அந்தப் பாசியை அது பிடிக்கும் விதம் கவனிக்கத் தக்கது. நெஞ்சுப் பகுதியில் ஆறு இணைக் கால்கள் இருக்கின்றன. ஒவ்வொரு காலிலும் சீப்புப் பற்கள் போல முடிகள், அந்த முடிகளில் இன்னும் நுண்ணிய முடிகள். கால்களை விரித்தால் ஒரு கூடை உருவாகும், கடல்நீர் உள்ளே புகும். கூடையைச் சுருக்கினால் நீர் பக்கவாட்டில் பிழிந்து வெளியேறும், பாசி உள்ளே தங்கும். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இல்லாத பாசியையும் இந்தச் சல்லடை பிடித்துவிடும். இவ்வளவு நுண்ணிய உணவைத் தின்று, விரல் நீளத்துக்கு வளர்ந்து, கோடிக்கணக்கான டன் எடைக்குப் பெருகும் விலங்கு வேறு எதுவும் தென்கடலில் இல்லை. கண்ணுக்குத் தெரியாத பாசியையும் 25 மீட்டர் திமிங்கலத்தையும் இணைக்கும் முக்கியக் கண்ணி இந்தக் கால்கூடைதான்.

கிரிலின் உடல் கடல்நீரைவிடக் கனமானது. நீந்துவதை நிறுத்தினால் மூழ்கிவிடும். அதனால் வயிற்றுப் பக்கத்து ஐந்து இணைத் துடுப்புக் கால்கள் பின்னிருந்து முன்னாக அலை அலையாக அடித்துக்கொண்டே இருக்கும். ஆபத்து வந்தால் வாலை உள்ளே மடக்கி ஒரே வெட்டில் பின்னோக்கிப் பாயும்.

இதன் மரபணுத் தொகுதி 2023இல் முழுமையாகப் படிக்கப்பட்டது. அதில் சுமார் 4,800 கோடி எழுத்துகள் இருக்கின்றன, மனிதருக்கு இருப்பதைப் போல 16 மடங்கு. அதில் 92 சதவீதம் திரும்பத் திரும்ப வரும் தொடர்கள்.

உலகக் கடல்களில் பரவல்

கிரில் இல்லாத பெருங்கடல் கிடையாது. ஆனால் ஒவ்வோர் இனத்துக்கும் தனித்தனி எல்லை உண்டு.

வடக்கு அட்லாண்டிக்கிலும் மத்தியதரைக் கடலிலும் வாழ்வது நார்வே கிரில், சுமார் 4 சென்டிமீட்டர். இத்தாலிக்கும் கார்சிகாவுக்கும் இடைப்பட்ட லிகூரியக் கடலுக்குக் கோடையில் துடுப்புத் திமிங்கலங்கள் வருவது இதைத் தேடித்தான். வடக்கு பசிபிக்கில் பசிபிக் கிரில். ஜப்பானின் சன்ரிக்கு கடற்கரை மீனவர்கள் இதை இசாடா என்ற பெயரில் இளவேனிலில் பிடிக்கிறார்கள். அமெரிக்காவின் மேற்குக் கரையில் இருப்பதும் இதே இனம்தான். ஆனால் அங்கே மற்ற மீன்களுக்கும் திமிங்கலங்களுக்கும் உணவு குறைந்துவிடக்கூடாது என்று 2009இல் கிரில் பிடிப்பதையே தடை செய்துவிட்டார்கள், தொழில் தொடங்குவதற்கு முன்பே. அண்டார்டிக்காவில் கரையை ஒட்டிய, பனி மூடிய ஆழம் குறைந்த நீரில் பனிக்கிரில் என்ற வேறு சிறிய இனம் இருக்கிறது.

சரி, அண்டார்டிக் கிரிலுக்கு வருவோம். கண்டத்தைச் சுற்றி வளையமாக, சுமார் 1.9 கோடி சதுர கிலோமீட்டரில் இது பரவியிருக்கிறது. மொத்த எடை 30 கோடி முதல் 50 கோடி டன்னுக்குள் இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். அடிக்கடி சொல்லப்படும் எண் 37.9 கோடி டன். பூமியில் காட்டில் வாழும் எந்த ஒரு விலங்கினத்துக்கும் இவ்வளவு மொத்த எடை கிடையாது.

ஆனால் இந்த வளையம் சீரானது அல்ல. இரண்டு விவரங்களைச் சேர்த்துப் பாருங்கள்.

1. மொத்தக் கிரிலில் ஏறக்குறைய 70 சதவீதம் ஒரே கால்வட்டத்தில், அதாவது கிரீன்விச் கோட்டிலிருந்து மேற்கே 90 பாகைக்குள் இருக்கிறது. தென் அமெரிக்காவை நோக்கி நீண்டிருக்கும் அண்டார்டிக் தீபகற்பம், தெற்கு ஆர்க்னி தீவுகள், தெற்கு ஜார்ஜியா எல்லாம் இந்தப் பகுதியில்தான் வருகின்றன. தீபகற்பமும் தீவுகளும் கடலுக்கு இரும்புச்சத்தைக் கொடுக்கின்றன. அதனால் பாசி செழிக்கிறது. வெட்டெல் கடலிலிருந்து வரும் நீரோட்டமும் கண்டத்தைச் சுற்றும் பெரிய நீரோட்டமும் இங்கே உரசிக்கொள்கின்றன.

2. கோடையில் மொத்தக் கிரிலில் 87 சதவீதம் 2,000 மீட்டருக்கு மேல் ஆழமுள்ள திறந்த கடலுக்கு மேலே மெல்லியதாகப் பரந்து கிடக்கிறது. மீதிதான் கண்டத்திட்டின் (கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடலடித் தளம்) மேலும் தீவுகளின் ஓரத்திலும் இருக்கிறது. அங்கே அடர்த்தி அதிகம்.

மீன்பிடிக் கப்பல் அடர்த்தி உள்ள இடத்துக்குத்தான் போகும். பெங்குவினும் சீலும் குஞ்சுக்கும் குட்டிக்கும் இரை கொண்டு திரும்ப வேண்டியிருப்பதால் அதே கரையோரத்தைத்தான் நம்பியிருக்கின்றன. திறந்த கடலில் பரந்து கிடக்கும் பெரும்பங்கு இருவருக்குமே அவ்வளவாகப் பயன்படாது. 6.26 கோடி டன் என்ற எண்ணை வைத்து ஒரு சதவீதம் என்று வகுக்கும்போது, யாரும் எட்டாத அந்தக் கிரிலையும் சேர்த்தே வகுக்கிறோம். கணக்கு தப்பில்லை. எதால் வகுக்கிறோம் என்பதுதான் சிக்கல்.

முட்டையிலிருந்து முதல் குளிர்காலம் வரை

கிரிலின் குஞ்சுப்பருவம் கடலின் ஆழத்தோடும் பனியோடும் பின்னிக் கிடக்கிறது. படிப்படியாகப் பார்ப்போம்.

1. தென்கோளக் கோடையில், டிசம்பர் முதல் மார்ச் வரை, பெண் கிரில் முட்டையிடுகிறது. ஒரு முறைக்கு ஆயிரக்கணக்கில், சில சமயம் 10,000 வரை. முட்டையின் குறுக்களவு சுமார் 0.6 மில்லிமீட்டர்.

2. முட்டைகள் மூழ்கத் தொடங்கும். 700 முதல் 1,000 மீட்டர் வரையோ அதற்கும் கீழேயோ போய்ப் பொரியும். முட்டையிடும் இடத்தில் கடல் ஆழமில்லை என்றால் முட்டை தரையில் தங்கி, அங்கே திரியும் விலங்குகளுக்கு இரையாகிவிடும். அதனால்தான் பெண் கிரில் கண்டத்திட்டின் விளிம்பைத் தாண்டி ஆழக்கடலுக்குப் போய் முட்டையிடுகிறது.

3. பொரித்த குஞ்சுக்கு வாய் இல்லை. முட்டைக்கருவில் மிச்சமுள்ள சத்தை வைத்துக்கொண்டு இருட்டில் மேல்நோக்கி நீந்துகிறது. வாரக்கணக்கில் ஆகும் இந்த ஏற்றத்தை அறிவியலாளர்கள் வளர்ச்சி ஏற்றம் என்கிறார்கள். மேலே வந்து சேரும் கட்டத்தில்தான் வாயும் குடலும் வேலை செய்யத் தொடங்குகின்றன. அப்போது அங்கே பாசி இருந்தாக வேண்டும்.

4. இலையுதிர்காலம் முடிந்து கடல் உறைகிறது. கடல்பனி என்பது கடல்நீரே உறைந்து மிதக்கும் தளம். நிலத்திலிருந்து உடைந்து வரும் பனிமலை வேறு. கடல்பனியின் அடிப்பக்கம் வழுவழுப்பாக இருக்காது. பள்ளமும் விரிசலும் மடிப்பும் நிறைந்திருக்கும், அதில் பனிப்பாசி ஒட்டி வளரும். ஒரு சென்டிமீட்டர்கூட வளராத குஞ்சுகள் அந்த மடிப்புகளுக்குள் ஒதுங்கிப் பாசியைச் சுரண்டித் தின்றுதான் முதல் குளிர்காலத்தைக் கடக்கின்றன.

நாலாவது படி மிக முக்கியம். பெரிய கிரிலுக்கு உடலில் கொழுப்புச் சேமிப்பு உண்டு. குஞ்சுக்குக் கிடையாது. குளிர்காலத்தில் பனி தாமதமாக வந்தாலோ சீக்கிரம் உருகினாலோ அந்த ஆண்டின் தலைமுறை முழுசும் மெலிந்துபோகும். கிரிலின் எண்ணிக்கை ஐந்தாறு ஆண்டுக்கு ஒருமுறை ஏறி இறங்குவதற்கு இப்படி நல்ல தலைமுறைகளும் மோசமான தலைமுறைகளும் மாறி மாறி வருவது ஒரு பெரிய காரணம்.

வளர்ந்த கிரில் சுருங்கும்

பட்டினியைத் தாங்கும் திறமையில் வளர்ந்த கிரிலுக்கு ஈடு சொல்வது கடினம். ஆய்வகத்தில் 211 நாள் உணவே இல்லாமல் உயிரோடு இருந்திருக்கிறது. உணவு குறைந்தால் சட்டை உரிக்கும் ஒவ்வொரு முறையும் முன்பைவிடச் சின்ன உடலோடு வெளியே வரும். ஓட்டுடலிகள் பொதுவாகச் சட்டை உரித்து வளரும்; இது சட்டை உரித்துச் சுருங்கவும் தெரிந்தது.

இதனால் ஆய்வாளர்களுக்கு ஒரு தொல்லை. வலையில் வந்த 4 சென்டிமீட்டர் கிரில் இரண்டு வயதுக் குட்டியா, சுருங்கிப்போன நாலு வயதா என்று நீளத்தை வைத்துச் சொல்ல முடியாது. இப்போது கண்காம்பைக் குறுக்காகச் சீவி, மரத்தின் வளையங்களை எண்ணுவதுபோல அதிலுள்ள பட்டைகளை எண்ணுகிறார்கள். இயற்கையில் 5 முதல் 7 ஆண்டு வரை வாழும். 6 சென்டிமீட்டர் உயிருக்கு இது நீண்ட ஆயுள்தான். நீண்ட ஆயுள் என்றால் மெதுவான மீட்சி என்றும் அர்த்தம்.

இவை மேற்பரப்பு நீரிலேயே வாழ்பவை என்ற எண்ணமும் மாறிவிட்டது. தீபகற்பத்தின் மேற்கே 3,000 மீட்டருக்கும் மேலான ஆழத்தில், கடல் தரையில் கிரில் மேய்வதை ஆழ்கடல் கேமராக்கள் பதிவு செய்திருக்கின்றன.

கூட்டம்

கிரில் தனியாக வாழாது. ஒரு கனமீட்டர் நீரில் 10,000 முதல் 30,000 வரை நெருக்கமாக நீந்தும் கூட்டங்கள் உண்டு. ஒரு கனமீட்டர் என்பது வீட்டு மாடியில் வைக்கும் ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி. அதற்குள் முப்பதாயிரம் கிரில், ஒன்றோடொன்று மோதாமல், ஒரே திசையில். பெரிய கூட்டம் கிலோமீட்டர் கணக்கில் நீளும். பகலில் பல கூட்டங்கள் ஆழத்தில் இறங்கி, இரவில் மேலே வந்து மேயும். எந்நேரமும் அப்படித்தான் என்று விதியில்லை.

எங்கே, எப்போது என்ற கேள்விக்கு 2009 மே மாதத்தில் தீபகற்பத்தின் வில்ஹெல்மினா விரிகுடாவில் கண்டதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது. திமிங்கலங்கள் வடக்கே போயிருக்கும் என்று எல்லோரும் நினைத்த பின்னிலையுதிர்காலம் அது. ஆய்வுக் கப்பல் விரிகுடாவுக்குள் நுழைந்தபோது அங்கே சுமார் 20 லட்சம் டன் கிரில் ஒரே திரளாகக் கூடியிருந்தது. அதைத் தின்ன 306 கூன்முதுகுத் திமிங்கலங்கள் வந்திருந்தன. ஒரு விரிகுடாவில் மட்டும்.

கோடையில் ஆழக்கடலில் சிதறியிருக்கும் கிரில் குளிர் நெருங்கும்போது இப்படிக் கரையோர நீரிணைகளுக்குள்ளும் விரிகுடாக்களுக்குள்ளும் குவிகிறது. முன்பெல்லாம் ஏப்ரல், மே மாதங்களில் கடல் உறைந்து கப்பல்களை வெளியே தள்ளிவிடும். இப்போது பனி தாமதமாக வருவதால் பிரான்ஸ்பீல்ட் நீரிணை போன்ற இடங்களில் அந்த மாதங்களிலும் வலை இழுக்க முடிகிறது. மீன்பிடி மெல்ல மெல்லக் கோடையிலிருந்து இலையுதிர்காலத்துக்கு நகர்ந்திருக்கிறது.

கிரிலை நம்பி வாழ்பவை

அடேலி, சின்ஸ்ட்ராப், ஜென்டூ, மக்கரோனி பெங்குவின்கள், ரோமச் சீல், திமிங்கலங்கள், பல வகை மீன்கள், கடற்பறவைகள் என்று பட்டியல் நீளும். நண்டுண்ணி சீல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், ஆனால் அது நண்டு தின்பதில்லை. அதன் உணவில் 90 சதவீதத்துக்கு மேல் கிரில்தான்; பற்கள்கூடக் கிரிலை வடிகட்டும் சல்லடை போலக் கிளைத்திருக்கும்.

தெற்கு ஜார்ஜியாவின் நிலைமை தனி. அங்கே கிரில் ஏராளமாகக் கிடைக்கும். ஆனால் அங்கே அது நன்றாக இனம்பெருக்குவதில்லை. தீபகற்பப் பக்கமிருந்து நீரோட்டம் கொண்டுவந்து சேர்ப்பதை நம்பித்தான் அந்தத் தீவின் லட்சக்கணக்கான சீல்களும் பெங்குவின்களும் வாழ்கின்றன. ஓட்டம் மாறினாலோ தீபகற்பப் பக்கம் விளைச்சல் பொய்த்தாலோ அங்கே பஞ்சம். அப்படிப்பட்ட ஆண்டுகளில் ரோமச் சீல் குட்டிகள் பட்டினியில் சாவது பலமுறை பதிவாகியிருக்கிறது.

இங்கே அடிக்கடி ஒரு வாதம் வரும். இருபதாம் நூற்றாண்டில் தென்கோளத்தில் சுமார் 20 லட்சம் திமிங்கலங்களைக் கொன்றோம். கோடி கோடியாகக் கிரில் தின்ற வாய்கள் போனதால் கிரில் பெருகியிருக்க வேண்டும், அந்த உபரியைத்தானே நாம் எடுக்கிறோம் என்பது அந்த வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படி ஒரு பெருக்கம் தெரியவில்லை. திமிங்கல வேட்டைக்கு முன்பு தென்கடல் திமிங்கலங்கள் ஆண்டுக்குச் சுமார் 43 கோடி டன் கிரில் தின்றிருக்கும் என்று 2021இல் வந்த ஒரு மதிப்பீடு சொல்கிறது. இன்றைக்கு அங்கே இருப்பதாக அடிக்கடி சொல்லப்படும் 37.9 கோடி டன்னைவிட அது அதிகம். அப்படியென்றால் அன்றைக்குக் கிரில் இன்றைக்கு இருப்பதைவிட எவ்வளவோ மிகுதியாக இருந்திருக்க வேண்டும்.

விளக்கம் இரும்பில் இருக்கிறது. தென்கடலில் வெயிலும் உரச்சத்தும் இருந்தும் பாசி முழுவீச்சில் வளராததற்கு இரும்புப் பற்றாக்குறை காரணம். கிரிலின் உடலில் இரும்பு உண்டு. திமிங்கலம் அதைத் தின்று மேற்பரப்பில் கழிக்கிறது. அந்தக் கழிவில் சுற்றியுள்ள நீரைவிட ஒரு கோடி மடங்கு இரும்பு இருப்பதாக அளந்திருக்கிறார்கள். அதில் பாசி விளைகிறது, பாசியைக் கிரில் தின்கிறது. மாடு மேய்ந்த நிலத்துக்குச் சாணம் திரும்பிப் போவது போன்ற கணக்கு இது. கப்பல் பிடிக்கும் கிரிலில் இருக்கும் இரும்போ அந்தக் கடலை விட்டே போய்விடுகிறது. உபரி என்ற வாதத்தை நான் ஏற்காததற்கு இதுவே காரணம்.

கரிமத்தின் கதையும் இதோடு சேர்ந்ததே. கிரிலின் கழிவு ஒட்டிய இழைகளாக நாளுக்கு நூற்றுக்கணக்கான மீட்டர் வேகத்தில் மூழ்குகிறது. பாசி காற்றிலிருந்து எடுத்த கரிமம் அதோடு ஆழத்துக்குப் போகிறது. இப்படி ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டன் கரிமம் நூறு ஆண்டுக்காவது ஆழ்கடலில் தங்குகிறது என்று 2024இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது.

மீன்பிடியும் அதன் விதிகளும்

பெரிய அளவில் கிரில் பிடிக்கத் தொடங்கியது சோவியத் ஒன்றியம். 1982இல் ஆண்டுப் பிடிப்பு 5 லட்சம் டன்னைத் தாண்டியது. 1991இல் சோவியத் கலைந்ததும் அது ஒரு லட்சம் டன் அளவுக்கு விழுந்தது. மனித உணவாகக் கிரில் எடுபடாததற்கு அதன் உடலே காரணம். செத்ததும் அதன் சொந்த நொதிகளே சதையைக் கரைக்கத் தொடங்கும். ஓட்டில் மிகுந்திருக்கும் புளோரைடு சதைக்குள் இறங்கும். சில மணி நேரத்தில் பதப்படுத்தியாக வேண்டும், அதனால் கப்பலே தொழிற்சாலையாக இருக்க வேண்டும். இப்போது நார்வே, சீனா, தென் கொரியா, சிலி, உக்ரைன் கப்பல்கள் ஈடுபடுகின்றன; நார்வேயின் பங்குதான் பெரிது. வலையைத் தூக்காமலே அதன் அடியிலிருந்து குழாய் வழியாகக் கிரிலைத் தொடர்ந்து உறிஞ்சும் முறை வந்துவிட்டது. பிடித்ததில் பெரும்பகுதி மாவாகிப் பண்ணைச் சால்மன் மீனுக்குத் தீவனமாகப் போகிறது. ஒரு பகுதி ஒமேகா-3 மாத்திரை எண்ணெய், இன்னொரு பகுதி செல்லப்பிராணி உணவு.

கட்டுப்படுத்துவது அண்டார்டிக் கடல்வாழ் உயிர்வளப் பாதுகாப்பு ஆணையம். 1980இல் கையெழுத்தாகி 1982இல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கையின் கீழ் இயங்குகிறது; தலைமையகம் ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகரில். இந்தியாவும் உறுப்பினர். மீன் எவ்வளவு மிஞ்சும் என்பதோடு, அதைத் தின்னும் உயிர்களுக்கு எவ்வளவு வேண்டும் என்பதையும் பார்க்க வேண்டும் என்று தொடக்கத்திலேயே சட்டமாக எழுதிய உடன்படிக்கை இது. அந்த விதத்தில் முன்னோடி.

அதன் கிரில் விதி மூன்று அடுக்குகள் கொண்டது. செய்திகளில் இவை கலந்து வருவதால்தான் குழப்பம் கூடுகிறது.

1. மேல் வரம்பு: தென்மேற்கு அட்லாண்டிக் பகுதி முழுவதற்கும் 56.1 லட்சம் டன். இது 2000இல் எடுத்த அளவீட்டின் அடிப்படையில் கணக்கிட்டது.

2. நிறுத்த வரம்பு: 6.2 லட்சம் டன். பிடிப்பை எந்தெந்தச் சிறு பகுதிக்கு எவ்வளவு என்று பிரித்து நிர்வகிக்க வழி வகுக்கும்வரை இதைத் தாண்டக்கூடாது. இந்த எண் கிரிலின் உயிரியலிலிருந்து வந்தது அல்ல. ஒவ்வொரு துணைப்பகுதியிலும் அதுவரை பிடித்த அதிகபட்ச அளவுகளைக் கூட்டினால் வரும் தொகை, அவ்வளவுதான்.

3. பங்கீடு: அந்த 6.2 லட்சத்தையும் ஒரே இடத்தில் எடுத்துவிடாதபடி துணைப்பகுதிகளுக்குத் தனி வரம்புகள். தீபகற்பத்தை ஒட்டிய பகுதிக்கு 1,55,000 டன். 2013க்குப் பிறகு பெரும்பாலான ஆண்டுகளில் இந்த வரம்பை எட்டியதும் அந்தப் பகுதி மூடப்பட்டு, கப்பல்கள் வேறு இடத்துக்கு நகர்ந்தன.

மூன்றாவது அடுக்குக்குக் காலக்கெடு இருந்தது. ஆணையத்தில் எல்லோரும் ஒப்புக்கொண்டால்தான் எதுவும் நிறைவேறும். 2024 அக்டோபரில் ஹோபார்ட் கூட்டத்தில் ஒருமித்த கருத்து வரவில்லை, பங்கீட்டு விதி காலாவதியானது. முதலிரண்டு அடுக்குகள் மட்டும் மிஞ்சின. அடுத்து வந்த பருவத்தில்தான் தீபகற்பப் பகுதியின் பழைய வரம்பு வெகுவாகத் தாண்டப்பட்டு, மொத்த வரம்பும் ஜூலையோடு தீர்ந்தது.

ஆக, 2025 செய்தியின் மையம் 6.2 லட்சம் என்ற எண் கிடையாது. 2024இலும் சுமார் 5 லட்சம் டன் பிடித்தார்கள். மொத்தத்தில் பெரிய தாவல் ஒன்றும் இல்லை. பரந்த கடலில் பிரித்து எடுக்க வேண்டியதைப் பெங்குவின் குடியிருப்புகளுக்கும் திமிங்கலங்கள் மேயும் நீரிணைகளுக்கும் பக்கத்திலேயே எடுக்க அனுமதி கிடைத்துவிட்டது என்பதே செய்தி.

சூடாகும் கடல்

மீன்பிடி இல்லாவிட்டாலும் கிரில் நெருக்கடியில்தான் இருக்கிறது. 1920களிலிருந்து சேர்ந்த வலைப் பதிவுகளை ஒப்பிட்டபோது, தென்மேற்கு அட்லாண்டிக்கில் கிரிலின் மையம் 90 ஆண்டில் சுமார் 440 கிலோமீட்டர் தெற்கே, கண்டத்தை நோக்கி நகர்ந்திருப்பது தெரிந்தது. சராசரி உடல் நீளமும் கூடியிருக்கிறது. இதைக் கேட்டதும் நல்ல செய்தி போலத் தோன்றும். பிள்ளைகள் பிறக்காத ஊரில் சராசரி வயது கூடுவதுபோல, புதுக் குஞ்சுகள் குறைந்ததன் அடையாளம் அது. மொத்த எண்ணிக்கை எவ்வளவு குறைந்தது என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. 1970களிலிருந்து செங்குத்தான சரிவு என்று ஒரு சாரார் சொல்கிறார்கள்; வலைகளின் வேறுபாட்டைத் திருத்தினால் அந்தச் சரிவு தெரியவில்லை என்று இன்னொரு சாரார் சொல்கிறார்கள். தெற்கு நோக்கிய நகர்வும் குஞ்சுகளின் குறைவும் கவலைக்குப் போதுமானவை என்பது என் மதிப்பீடு. ஏனென்றால் தெற்கே கண்டம் வந்துவிடுகிறது. அதற்குமேல் நகரக் கடல் இல்லை.

கடல்பனியோ 2016க்குப் பிறகு அடிக்கடி மிகக் குறைந்த அளவுகளைத் தொடுகிறது. 2023 குளிர்காலத்தின் உச்சப் பரப்பு செயற்கைக்கோள் பதிவுகளிலேயே மிகக் குறைவு. கரியமிலவாயு கூடிய நீரில் கிரில் முட்டைகள் சரியாகப் பொரிப்பதில்லை என்பதும் ஆய்வகத்தில் தெரிந்திருக்கிறது. முட்டைகள் இறங்கிப் பொரியும் ஆழத்தில்தான் அந்த வாயு ஏற்கெனவே அதிகம். கிரில் குறையும் நீரில் சால்ப் என்ற நுங்கு போன்ற உயிர்கள் பெருகுகின்றன. பாசியை அவையும் தின்னும். ஆனால் பெங்குவினுக்கோ திமிங்கலத்துக்கோ அவற்றால் கிரில் தரும் சத்தைத் தர முடியாது. தீபகற்பத்துக்கு வடகிழக்கே உள்ள யானைத் தீவில் சின்ஸ்ட்ராப் பெங்குவின்கள் 1971 கணக்கோடு ஒப்பிட ஏறக்குறைய 60 சதவீதம் குறைந்துவிட்டதை 2020இல் கண்டார்கள். அதே கடலில் கூன்முதுகுத் திமிங்கலங்களும் துடுப்புத் திமிங்கலங்களும் வேட்டையிலிருந்து மீண்டு வருகின்றன. அவற்றுக்கும் தீனி வேண்டும், பழைய 6.2 லட்சம் கணக்கைப் போட்ட காலத்தில் அவை இத்தனை இல்லை.

இனி எதைக் கவனிப்பது

இனி ஹோபார்ட்டிலிருந்து கிரில் செய்தி வந்தால் மொத்த டன்னை மட்டும் பார்க்க வேண்டாம். இந்த மூன்றையும் தேடுங்கள்: துணைப்பகுதிப் பங்கீடு திரும்ப வந்ததா? தீபகற்பத்தை ஒட்டி அர்ஜென்டினாவும் சிலியும் 2018இல் முன்வைத்த கடல் பாதுகாப்புப் பகுதி நிறைவேறியதா? மாதக் கட்டுப்பாடு ஏதாவது இருக்கிறதா?

மூன்றாவதைப் பற்றிப் பேச்சு குறைவு. எனக்கு அதுதான் முதன்மையாகப் படுகிறது. இலையுதிர்காலத்தில் கிரில் விரிகுடாக்களுக்குள் குவிகிறது, திமிங்கலங்கள் வடக்கே கிளம்புமுன் அங்கே கடைசியாக வயிறு நிரப்புகின்றன, கப்பல்களும் அப்போது அங்கேதான் நிற்கின்றன. ஜனவரியில் ஆயிரம் மீட்டர் ஆழத்தில் பொரித்து மேலே வந்த குஞ்சுகள் ஜூனில் ஒதுங்கப் பனிக்கூரை தேடுவதும் அந்தத் தீபகற்பக் கடலில்தான்.